நிலைவாசலில் ஒரு சாய்வுக்கட்டை

கோச்சடை, மதுரை
20 மே 2025

அன்புத் தம்பி குமரனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய். நெஞ்சில் சளி சேராமல் பார்த்துக்கொள்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசுவதெல்லாம் பேச்சே இல்லை. நான் வாயைத் திறந்தால் உன் மச்சான் பதில் சொல்கிறார். அவர் ஓய்ந்தால் நாத்தனார் ராமக்காள் பழங்காநத்தத்திலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். ஆகவே முக்கியமானதை இனி மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதப் போகிறேன். நீயும் அப்படியே எழுது.

மாடி அறை விஷயம்தான். இத்தனை வருஷமாகத் தையல் வகுப்பை வீட்டு நடையில் நடத்துகிறேன். ஒருவர் அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் தைக்கிற பிள்ளை மெஷினை விட்டு எழுந்து நிற்க வேண்டும். துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். போன மாதம் ஒரு கல்யாண ரவிக்கையில் ரசம் கொட்டி, கல்யாணப் பெண் அழுதது தெருவுக்கே கேட்டது.

இன்ஜினியர் சித்தார்த் வந்து பார்த்தான். நம் வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புக் காரை, மேலே காங்கிரீட் போட்டால் தாங்காது என்றான். மரச்சட்டத்தில் கட்டினால் எடை குறைவு என்று நீ சொன்னதையே அவனும் சொன்னான். உன் மச்சானுக்குத்தான் மனசில்லை. "முப்பது வருஷமா இடிஞ்ச கட்டடத்துக்கு முன்னாடி நின்னு பேப்பருக்குச் செய்தி எழுதிருக்கேன். ரிட்டயர் ஆன பெறகு என் வீட்டு மாடியிலயே ஒரு செய்தியா?" என்றார்.

நான் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "கட்டிக்க. ஆனா ஒரு தடவை அது அசைஞ்சது தெரிஞ்சாலும் பிரிச்சுப் போட்டுட்டுத் தகரம் போட்ருவேன். அப்ப எங்கிட்ட வாதாடக் கூடாது." சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மதுரை வெயிலில் தகரத்துக்குக் கீழே எந்தப் பிள்ளை உட்கார்ந்து தைக்கும்? அதனால் இந்த அறை அசையக் கூடாது தம்பி. என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
சுபலட்சுமி


கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து
28 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். சளி இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது மரத்தின் மேல் உறைபனி இருக்கிறது, அதைத் துடைத்துவிட்டுத்தான் ஆணி அடிக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மச்சான் பயப்படுவதில் நியாயம் உண்டு. மரவீடு கட்டி முடித்த பிறகு விழுவது அபூர்வம். கட்டும்போதுதான் விழும். வெறும் சட்டத்தை நினைத்துப் பார். கால்களை நிறுத்தி, மேலேயும் கீழேயும் கட்டை அடித்திருக்கும். பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சரிந்து கோணலாகிவிடும். அதன் மேல் பிளைவுட் பலகை அடித்துவிட்டால் யானை வந்து உரசினாலும் அசையாது. ஆனால் சட்டம் நிற்கும் நாளுக்கும் பலகை அடிக்கும் நாளுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே, அதுதான் ஆபத்தான காலம். அந்தக் காலம் முழுக்க ஒவ்வொரு சுவரிலும் மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ் மூலைக்கு ஒரு சாய்வுக்கட்டை இருக்க வேண்டும். பலகை அடிக்கிற வரைக்கும் சுவரைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.

இங்கே நான் வேலை செய்யும் கட்டடத்தில் ஒரு சனிக்கிழமை, ஏணி வைக்க இடைஞ்சல் என்று ஒருவர் அதைக் கழற்றினார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் சுவர் பக்கத்து வீட்டு வேலியில் தலை வைத்துப் படுத்திருந்தது. நல்லவேளை, வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நம் ஊரில் ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்
குமரன்


கோச்சடை
22 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கு யாவரும் சௌக்கியம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு வலிக்கிறது, தன் இஷ்டத்துக்கு விடுகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம், வீட்டில் ஆசாரிமார் வேலை. சிம்மக்கல்லிலிருந்து பாண்டிராஜ் என்பவர் தம் ஆட்களோடு வருகிறார். கை சுத்தமான வேலைக்காரர். வேளைக்கு இரண்டு டீ வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் நின்றுவிட்டது! நான்கு பக்கமும் மரக்கால்கள். மேலே வானம், மேற்கே வைகைப் பக்கத்துத் தென்னைகள். எதிர்வீட்டு முத்துத்தாய் மாடியைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கோழி வளக்கப் போறீகளா? கூண்டு இம்புட்டுப் பெருசா இருக்கு" என்றாள். "ஆமா முத்துத்தாய், மொதக் கோழி ஒனக்குன்னுதான் நேந்திருக்கேன்" என்றேன்.

சாய்வுக்கட்டையைப் பற்றி நீ எழுதியது எனக்கு உடனே பிடிபட்டது. மெஷினில் போடும் முன் கையால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டுத் துணியைப் பிடித்து வைப்போம் அல்லவா? மெஷின் தையல் விழுவதற்கு முன்னால் அதைப் பிரிக்காதே பிரிக்காதே என்று பிள்ளைகளிடம் தினமும் கத்துகிறேன். இதுவும் அதேதான்.

பாண்டிராஜ் நான்கு சுவரிலும் கட்டை அடித்திருக்கிறார். வடக்குச் சுவரில் வாசலும் இரண்டு ஜன்னலும் வருவதால் வேறு வழியில்லை. கட்டை வாசலுக்குக் குறுக்கே போகிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். பிளைவுட் லாரி இன்னும் வரவில்லை. வந்தாலும் ஆசாரிமார் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டுத்தான் திரும்புவார்களாம். ஆடி பிறந்துவிட்டால் நிலை வைக்க முடியாது என்பதால் வரும் வெள்ளிக்கிழமை நிலை பூஜை வைத்திருக்கிறோம். நீ இல்லாத குறைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கிறைஸ்ட்சர்ச்
24 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நிலை பூஜைக்கு என் வாழ்த்து. ஒரே ஒரு வேண்டுதல். வாசலில் இருக்கும் கட்டை பார்க்க நன்றாக இருக்காதுதான். இருந்தாலும் எல்லோரும் குனிந்தே போங்கள். நம் குலசாமி கோயிலில் குனியாமல் யாராவது உள்ளே போயிருக்கிறோமா? அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

மறக்காமல் படம் அனுப்பு.

குமரன்


கோச்சடை
30 ஜூன் 2025

அன்புத் தம்பி குமரனுக்கு,

அனைவரும் நலம். பூஜை மிக நன்றாக நடந்தது. தேக்கு நிலை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியமும் காசும் முடிந்த மஞ்சள் துணியை மேலே கட்டி, பாண்டிராஜ் வேட்டியில் வந்து நின்றபோது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ராமக்காள் பழங்காநத்தத்திலிருந்து ஒரு குடும்பத்தையே ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். திருஷ்டிக்காகப் படிகாரக் கட்டியைக் கறுப்புக் கயிற்றில் நிலையின் நடுவில் அவரேதான் கட்டினார். சர்க்கரைப் பொங்கலில் நெய் கொஞ்சம் கூடிவிட்டது, அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் சட்டத்துக்குள் நின்று, இங்கே வெட்டுமேசை, இங்கே மெஷின்கள், வடக்கு வெளிச்சம் விழும் இடத்தில் எம்பிராய்டரிப் பிள்ளைகள் என்று கையால் காட்டினேன். உன் மச்சான் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்.

விளக்கோடு நான் முதலில், பிறகு ராமக்காள், பிறகு மற்றவர்கள், எல்லோரும் மங்களகரமாக நிமிர்ந்து உள்ளே நுழைந்தோம். பார்க்கவே நிறைவாக இருந்தது. ஆசாரிமார் அன்று மாலையே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

படங்கள் உன் மச்சான் போனில் இருக்கின்றன. பிறகு அனுப்புகிறேன்.

அக்கா


கிறைஸ்ட்சர்ச்
2 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பொங்கலின் நெய் வாசனை இங்கு வரைக்கும் வந்தது.

"நிமிர்ந்து உள்ளே நுழைந்தோம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் பல தடவை படித்துவிட்டேன். வாசலில் இருந்த கட்டை எங்கே அக்கா?

குமரன்


கிறைஸ்ட்சர்ச்
8 ஜூலை 2025

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாடியைக் காட்டு என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாய். மச்சானிடம் கேட்டேன். அவர் போனில் சார்ஜ் இல்லை என்றார், ஆனால் பேசிக்கொண்டிருந்ததே அவர் போனில்தான்.

எதுவானாலும் எழுது. காற்று அடிக்கும்போது அந்தச் சட்டத்துக்குள் மட்டும் யாரும் போக வேண்டாம்.

குமரன்


கோச்சடை
12 ஜூலை 2025

மாப்ள முத்துக்குமரனுக்கு,

நல்லகாமன் எழுதுவது. இங்கு குறையொன்றும் இல்லை, அங்கும் இருக்காது என்று நம்புகிறேன். உனக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தினமும் காலையில் காப்பியோடு மாடிக்குப் போகிறேன். உன் அக்கா பால் வாங்கப் போகும் நேரம் அது, அவளுக்குத் தெரியாது. மரத்தில் கட்டுவதை நான் எதிர்த்தது உண்மை. அந்தச் சட்டத்துக்குள் காலை வெயில் கோடுகோடாக விழுகிறதை எதிர்க்க முடியவில்லை.

நேற்று முன்தினம் இரண்டு நாள் பெருங்காற்றுக்குப் பிறகு மேலே போனேன். ராமக்காள் கட்டிய படிகாரம் நிலையின் நடுவில் தொங்குகிறது. பூஜையன்று அது கீழ்ப்படியில் இருந்த குங்குமப் பொட்டுக்கு நேர் மேலே நின்றது. படம் இருக்கிறது, சந்தேகமில்லை. இப்போது பொட்டிலிருந்து நாலு விரல் கிழக்கே தள்ளி நிற்கிறது. காற்று ஆட்டுகிறதோ என்று காத்திருந்தேன். காற்று ஓய்ந்த பிறகும் அங்கேயேதான் நின்றது. படி நகரவில்லை என்றால் தலை நகர்ந்திருக்கிறது. தெற்குச் சுவரில் சாய்வுக்கட்டை இருக்கிறது, சுவர் நேராக நிற்கிறது. வடக்கு வாசலில் கட்டை இல்லை, சுவர் கிழக்கே சாய்ந்திருக்கிறது. இதற்கு மேல் விசாரணை தேவையில்லை. கழற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. என் உடன்பிறந்தாள் வாய் எனக்குத் தெரியும்.

மேற்கு மூலைக்காலைக் கயிறு போட்டுத் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டியிருக்கிறேன். கிழக்கே யாரோ ஒரு நீளப் பலகையை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சித்தார்த் வந்து பார்த்துவிட்டு, உன் அக்காவுக்குப் பயந்து சொல்லாமல் போயிருக்கலாம். பாண்டிராஜை அழைத்தேன். திருவிழா முடிந்து அடுத்த வாரம்தான் வருவாராம்.

இதை எப்படி நிமிர்த்துவது? உன் அக்காவிடம் சொல்லாதே. தெரிந்தால் நான் போட்ட நிபந்தனை அவளுக்கு ஞாபகம் வரும். "சொன்னபடி பிரிச்சிருங்க" என்று அவளே சுத்தியலை எடுத்து நீட்டுவாள். வாக்கு விஷயத்தில் அவள் அப்படி. அவள் அங்கே நின்று மெஷினுக்கு இடம் காட்டியதை நான் பார்த்தேன்.

நல்லகாமன்


கோச்சடை
12 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் இல்லை. உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கட்டையைக் கழற்றச் சொன்னது நான்தான். விளக்கை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது ராமக்காள், "என்னத்தா இது, மொத மொதல்ல நொழையிற வாசல்ல குறுக்க கட்டை? லட்சுமி வாரப்ப தலையில இடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போகவா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். உன் குலசாமிக் கோயில் பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. பாண்டிராஜைப் பார்த்தேன். "பூசை முடிஞ்சதும் அடிச்சுருவோம் டீச்சர்" என்று இரண்டு தட்டில் கழற்றிவிட்டார். பிறகு பொங்கல், பந்தி, பஸ். அவரும் மறந்தார், நானும் மறந்தேன். ஓட்டுத்தையலைப் பிரிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்!

இப்போது வடக்குச் சுவர் கோணிவிட்டது. தரையில் விழும் நிழலைப் பார்த்ததும் தெரிந்தது. படிகாரமும் கீழ்ப்படிக் குங்குமப் பொட்டுக்கு நேரே இல்லை. துணி நேராக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பேன் அல்லவா, அப்படியே சுவரையும் பார்த்தேன். ஒரு மூலைவிட்டம் இன்னொன்றை விட நீளம். கிழக்குப் பக்கம் புது வெட்டுமேசைக்கு வாங்கி வைத்த பலகையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். மேற்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. பாண்டிராஜ் ஆட்கள் போகும்போது கட்டியது போல, நான்தான் கவனிக்கவில்லை.

உன் மச்சானுக்கு இது தெரியவே கூடாது. வாக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்குத் தெரிந்தால் பிரிக்கத்தான் வேண்டும், நானும் தடுக்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன். தெரிவதற்கு முன்னால் நிமிர்த்த வழி உண்டா?

சுபலட்சுமி


கிறைஸ்ட்சர்ச்
13 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மனசைத் தேற்றிக்கொள். சட்டம் உடையவில்லை, கோணியிருக்கிறது. நிமிர்த்திவிடலாம்.

நாளை திங்கட்கிழமை. காற்று எழும்புவதற்கு முன், கோலம் போட்ட கையோடு மாடிக்குப் போ. கழற்றிய சாய்வுக்கட்டை, ஆணி, சுத்தியல், உன் டேப், இவ்வளவும் எடுத்துக்கொள். நீளமான மூலைவிட்டம் எது என்று அளந்து வைத்திருக்கிறாய். அதன் ஓரமாகத்தான் இழுக்க வேண்டும். நீ படிகாரத்தைப் பார்த்தபடி இரு. அது பொட்டுக்கு நேராக வந்து, அரை விரல் அந்தப் பக்கம் தாண்டியதும் கட்டையை அடி.

இது ஒரு ஆள் வேலையில்லை. இழுக்க ஒருவர், பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இழுக்கிற ஆளை நான் அனுப்புகிறேன். காற்று இருந்தால் தொடவே வேண்டாம்.

குமரன்


கிறைஸ்ட்சர்ச்
13 ஜூலை 2025

மச்சானுக்கு வணக்கம்.

நலம். நீங்கள் தனியாக எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம். அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

சிம்மக்கல்லில் லாரிச் சாமான் கடையில் ராட்செட் பெல்ட் கிடைக்கும், சரக்கை இறுக்கிக் கட்டுவது. இன்றே ஒன்று வாங்கி வையுங்கள். அதன் ஒரு முனை கிழக்கு மூலையின் உச்சியில், மறுமுனை மேற்கு மூலையின் அடியில். மெதுவாக இறுக்கினால் சுவர் மேற்கே திரும்பும். நாளைக் காலை, காற்றுக்கு முன் மேலே போங்கள். இறுக்கும்போது உங்களுக்குச் சுவர் தெரியாது. நின்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். நேர்க்கோடு பார்க்கத் தெரிந்த ஒரு ஆளை அனுப்புகிறேன். அவர் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.

குமரன்


கோச்சடை
15 ஜூலை 2025

மாப்ள,

இருவரும் நலம். நீ அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெல்ட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினேன். உன் அக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையில் சுத்தியலும் உதட்டில் இரண்டு ஆணியுமாக நின்றாள். ஆணியை எடுத்துவிட்டு, "நீங்க எதுக்கு வந்தீக?" என்றாள்.

"காத்து வாங்க. நீ?"

"நானும் காத்து வாங்கத்தான்."

"வாயில ஆணியோடவா?"

"லாரி பெல்ட்டோட வந்திருக்கீகளே, நான் எதுவும் கேட்டேனா?"

அவள் கயிற்றைப் பார்த்தாள். "இது?" என்றாள். நான்தான் என்றேன். முட்டுக் கொடுத்த பலகையைக் காட்டினேன். "நாந்தேன்" என்றாள். "கட்டையக் கழத்தச் சொன்னதும் நாந்தேன். ஒங்க அக்கா மேல சொல்ல மாட்டேன்."

"தம்பி ஆள் அனுப்புறேன்னான்" என்றாள்.

"எங்கிட்டயும் அதான் சொன்னான், களவாணிப் பய."

அவள் சிரிக்கவில்லை. "அசைஞ்சுருச்சு. வாக்குக் குடுத்தேன். பிரிச்சிருவோமா?" என்று கேட்டாள். கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவள் அப்படித்தான் என்று உனக்கு எழுதியிருந்தேன்.

"அசைஞ்சது தெரிஞ்சாப் பிரிப்பேன்னுதான் சொன்னேன். யாருக்குத் தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றேன்.

"ஒங்களுக்கா? காத்துல படிகாரம் ஆடினாக்கூட எழுதி வப்பீகளே."

"முப்பது வருஷத்துல நான் அமுக்கின மொதச் செய்தி இதான். பெல்ட்டப் பிடி."

பிறகு நான் இறுக்கினேன். அவள் வாசலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து படிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும். இன்னும் கொஞ்சம். பதறாதீக. போதும். போதும்னேன்ல! ஒரு பல்லுத் தளத்துங்க." மரம் ஒருமுறை முனகியது. நான் ஓடத் தயாரானேன். அவள் அசையவில்லை. கட்டையை வைத்து ஆணி அடித்தவளும் அவள்தான். பெல்ட்டைத் தளர்த்தியதும் சுவர் அரை விரல் திரும்பி வந்து நின்றது. படிகாரம் பொட்டின் மேல் நின்றது. மூலைக்கு மூலை அளந்தாள். இரண்டும் ஒன்று.

வேலை முடிந்த பிறகுதான் கவனித்தோம், நாங்கள் இருவரும் உள்ளே, கட்டை வாசலில். குனிந்து வெளியே வந்தோம்.

நாளை மறுநாள் ஆடி. காற்று அடிக்கட்டும்.

நல்லகாமன்


கோச்சடை
12 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி குமரனுக்கு,

அக்கா, மச்சான் இருவரும் நலம். முழங்காலும் நலம், மாடி ஏறி இறங்கியே சரியாகிவிட்டது போல. அங்கே குளிர் விட்டுவிட்டதா?

ஆடி முழுக்கக் காற்று வீசு வீசென்று வீசியது. முத்துத்தாய் வீட்டு டிஷ் ஆன்டெனா பறந்து நம் தெருமுனையில் கிடந்தது. சட்டம் அசையவில்லை. பாண்டிராஜ் வந்து, பிளைவுட் அடித்து, கூரை போட்டு, ஆவணியில் பால் காய்ச்சிவிட்டோம். வாசல் கட்டையை மறந்ததற்கு அவர் பட்ட வெட்கத்தில் எனக்கு ஒரு அலமாரி கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

உன் மச்சானைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். பலகை அடித்த பிறகு சாய்வுக்கட்டைக்கு வேலையே இல்லை என்று பாண்டிராஜ் சொல்கிறார், சித்தார்த் சொல்கிறான், நான் சொல்கிறேன். அவர் கழற்றவே விடவில்லை. "இருக்கட்டும், அதுக்கென்ன சோறா போடுறோம்" என்றார். பால் காய்ச்சின அன்று ராமக்காள் வாசலில் நின்று, "என்னடா தம்பி, இன்னுமா இந்தக் கட்டை?" என்றார். "குலசாமி கோயில்ல குனிய மாட்டியாக்கா? வா, குனி" என்று தம் தலையை முதலில் குனிந்து உள்ளே போனார். ராமக்காளும் பட்டுச்சேலையோடு குனிந்துதான் வந்தார். அந்தப் பதில் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்றேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதானே என்றார். என் கடிதத்தை அவர் படிக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அதனால், அவர் கண்ணில் படட்டும் என்று, "நீங்க எழுதினதை நான் படிக்கலை" என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

போன வாரம் ஒரு காலையில் அவரே கழற்றிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கட்டையைப் பத்திரமாகப் பரணில் வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

நேற்று மேலே வகுப்பு தொடங்கியது. எட்டு மெஷின் போட்டும் நடுவில் நடக்க இடம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, நான் உள்ளே வருவதைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர் குனியிறீங்க? வாசல் எம்புட்டு உசரமா இருக்கு" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, நான் குனிந்திருக்கிறேன். என்ன சொல்வதென்று திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே உன் மச்சான் இரண்டு டம்ளர் காப்பியைச் சிந்தாமல் பிடித்தபடி, தலையை நன்றாகக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும்.

நல்லபடியாக இரு தம்பி. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நீ நிமிர்ந்தே நுழையலாம்.

உன் அக்கா
சுபலட்சுமி